டாக்டர் த்ரெல்ஃபாலின் வலது கை

ஜோசையா த்ரெல்ஃபால், லிவர்பூலில் கயிறு திரிக்கும் ஒருவரின் மகன். படித்து அறுவை மருத்துவரானார். கோணல் பாதத்தோடு பிறந்த குழந்தைகளை நேராக நடக்கவைப்பதில் ஊரில் அவருக்கு நிகரில்லை. அவரிடம் இருபத்தாறு வருடம் செவிலியாக இருந்தேன். நல்ல கை. நல்ல மனம் என்று சொல்லமாட்டேன்.

அவருடைய வயிற்றெரிச்சலுக்குப் பெயர் எலிஸ் பியூ. வேல்ஸிலிருந்து வந்து, பட்டம் எதுவுமின்றி, பரம்பரையாக எலும்பு கட்டுகிறவர். ஞாயிறுதோறும் துறைமுகக் கூலிகள் அவருடைய சமையலறை வாசலில் வரிசையில் நிற்பார்கள். த்ரெல்ஃபால் தேவாலயத்துக்கு அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"இன்னைக்கு இருபத்திரண்டு பேர், நர்ஸ். லாடம் அடிக்கப் போற குதிரைங்க மாதிரி நிக்குறானுங்க."

ஒரு ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். அவருடைய மாணவர் டாக்டர் ஏமரி மாவுக்கட்டு போட்டார். எட்டு வாரம் விரல்கூட அசையக் கூடாது என்பது த்ரெல்ஃபாலே வகுத்த விதி. ஏமரி அதை அப்படியே பின்பற்றினார். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மரக்குச்சிகளாக இருந்தன. இரண்டு மாதம் வெந்நீர் ஒற்றி, எண்ணெய் தேய்த்தேன். கத்தி பிடிக்க முடியவில்லை. மருத்துவமனை வேறு ஆள் தேடத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்: "முகத்தை மறைக்கக் கம்பளித் தொப்பியை எடு, நர்ஸ். எங்கேன்னு கேக்காதே."

பியூவின் வாசல் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற கேரிட்டி என்ற மூட்டை தூக்குகிறவர் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரையா, நீங்களா? இதோ, நீங்க கட்டின முழங்கால்தான். மடங்கவே மாட்டேங்குது."

"அவசரப்பட்டு நடந்திருப்பே."

"எட்டு வாரம் மல்லாந்து கிடந்தேன்யா. நீங்க சொன்னபடியேதான்."

வரிசை முழுவதும் சிரித்தது. பியூ வெளியே எட்டிப் பார்த்தார். ஆனாலும் முறை வந்த பிறகே உள்ளே கூப்பிட்டார். கட்டைவிரலால் மணிக்கட்டைத் தடவினார்.

"ஒடிஞ்சது இங்கே. விரலை எதுக்குக் கட்டினீங்க?"

 பியூ கையை இழுத்து ஒரு திருப்புத் திருப்பினார். உள்ளே மளுக்கென்றது. டாக்டர் இடது கையால் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"தினம் அம்பது தடவை மடக்குங்க. வலிக்கும், வலிக்கட்டும்."

ஜூன் மாதம் மீண்டும் கத்தி பிடித்தார். அதன்பின் எங்கள் வார்டில் யாருக்கும் மணிக்கட்டோடு விரலையும் சேர்த்துக் கட்டவில்லை. அது தன் சொந்த ஆய்வின் முடிவு என்று மாணவர்களிடம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நோயாளிகளுக்கு விரல் மடங்கினால் போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பியூ வீட்டுக்குப் போவதை அவர் விடவில்லை.

"கைதான் சரியாயிடுச்சே, டாக்டர். தொழில் கத்துக்க வந்தீங்களா?"

"நீங்க எங்கே தப்பு பண்றீங்கன்னு பாக்க வந்தேன்."

பியூ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தான் சாகும்வரை, பதினான்கு வருடம், த்ரெல்ஃபால் அதில் உட்கார்ந்து பார்த்தார். பெரிய தப்பு எதுவும் சிக்காமல், ஒவ்வொரு ஞாயிறும் கடுகடுத்த முகத்தோடு வீடு திரும்பினார்.