பால்காரம்மா வரும் காட்சி

இருபத்து நாலு நிமிடத்தைப் பத்தொன்பது நிமிடமாக்குவதுதான் என் பிழைப்பு. பெங்களூர் தொம்மலூரில் ஒரு எடிட்டிங் ஆபீஸ், இரண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. முப்பது வருடத்துக்கு முந்தைய நகைச்சுவைத் தொடர்களை மறுபடி போடுகிறார்களே, அவற்றில் விளம்பரத்துக்கு இடம் வேண்டும். அதற்காக எபிசோடுக்கு ஐந்து நிமிடம் வெட்டிக் கொடுக்கிறேன். ‘நல்ல சீனை எல்லாம் எந்தப் பாவி தூக்கினது’ என்று வீட்டில் உட்கார்ந்து திட்டுவீர்களே, அந்தப் பாவி பெர்னதெத் ஆகிய நான்தான். திட்டுங்கள், எனக்கென்ன போயிற்று.

வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எதை எடுத்தால் கதை அறுபடாதோ அதுதான் முதல் பலி. ‘எதிர் போர்ஷன்’ தொடரில் அது பால்காரம்மா வரும் காட்சி. வாசலில் நிற்பாள், பால் அளப்பாள், வீட்டுக்காரனை நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவாள். சிரிப்பு வரும்தான். ஆனால் அவள் வராவிட்டாலும் கதை நடக்கும். அதனால் இரண்டு இடம் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் அதே தொடரை இன்னொரு சேனலுக்காக மறுபடி வெட்ட உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் டீ போடும் ஜெயலட்சுமி அக்கா டம்ளரை வைக்க வந்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“அது நான்தாம்மா” என்றார்.

“எது?”

“பால் ஊத்துறவ.”

சிரித்தேன். பிறகு படத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அதே எடுப்பான பல், பேசும்போது ஒரு பக்கம் சாயும் அதே தலை. ஆறு வருடமாக இவர் கையால் டீ குடிக்கிறேன், இவர் முகத்தையே வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. என் கண்ணைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க.

“ஏன்க்கா இத்தினி நாளா சொல்லல?”

“சொல்லி என்ன ஆவப்போவுது? டீ ஆறுது, குடி.”

ஆனால் அன்று மாலையே அவர் என்னிடம் வந்தார். கணவர் மெட்ராஸில் லைட்மேனாக இருந்த காலத்தில் கிடைத்த வேடமாம் அது. கணவர் இறந்தபின் இங்கே பொம்மனஹள்ளியில் தம்பி அய்யாவு வீட்டுக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறார். ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கும் நடைதான் அவர் படுக்கை. இரவில் யார் எழுந்து போனாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா வெளியே கிளம்பினால்கூட எங்கே, எதற்கு, எப்போது வருவீர்கள் என்று தம்பி மனைவி நிற்க வைத்துக் கேட்பாளாம். அறுபத்தேழு வயதில் இது என்ன ஜென்மம்.

நடிகர் சங்கத்துக்காரர்கள் முதிய கலைஞர்களுக்கு ஒரு இல்லம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு இடம் காலியாகியிருந்தது. பத்து எபிசோடாவது வசனம் பேசி நடித்ததற்கு வீடியோ காட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள்.

“ஒரு கட்டிலும் பூட்டி வெச்சிக்க ஒரு அலமாரியும் குடுப்பாங்களாம்” என்றார். “அத்த விட வேற என்னம்மா வேணும்.”

டிவியில் வந்த பிரதியில் அவர் இருப்பது இரண்டு எபிசோடு. மீதியை வெட்டிய புண்ணியவதி நான். பழைய டேப்புகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. முழு எபிசோடுகள் இருப்பது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். தேடியதில் பதினாலு கிடைத்தது. ‘ஜெயாக்கா’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் வைத்தேன். ஆனால் வெளியே எடுத்துப்போக முடியாது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பென் டிரைவ் சொருகும் இடமெல்லாம் அடைத்திருக்கும். சேனல் அனுமதி வேண்டும். எங்கள் மேலாளர் ஷங்கர் சார், மைசூர்க்காரர், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பத்து நாள் ஓடியது. ஒரு திங்கட்கிழமை புதுத் தொடர் வந்து இறங்கியது. கம்ப்யூட்டரில் இடம் இல்லை. சாருக்கு ஆபீஸ் போனில் அடித்தேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், இடம் இல்லை, ஜெயாக்கா ஃபோல்டரை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் காரில் இருந்தார்.

“அதன்ன தெகெதிடு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எடுத்துடு என்கிறார் மனுஷன். அப்படியென்றால் சேனல்காரன் கொடுக்கவில்லை. ஏன் சார் என்று திரும்ப அடித்துக் கேட்டிருக்கலாம். போன வருடம் இப்படி ஏன் என்று கேட்ட, பக்கத்து சீட் சாமுவேல் இப்போது வேலை போய் வீட்டில் இருக்கிறான். என் பெண் நர்சிங் மூன்றாம் வருடம். பத்து நிமிடம் அந்த ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். அதன் மேலேயே புதுத் தொடரையும் ஏற்றினேன். அன்று முழுவதும் டீ குடிக்க எழுந்து போகவில்லை. அக்கா கொண்டுவந்து வைத்தபோது தலையை நிமிர்த்தவும் இல்லை.

மறுநாள் ஷங்கர் சார் கையில் அனுமதிக் கடிதத்தோடு வந்தார்.

“எல்லி ஜெயம்மந்து? கொடு” என்றார். ஜெயாக்காவுடையது எங்கே என்கிறார்.

“நீங்கதானே சார் எடுத்துடச் சொன்னீங்க?”

“தெகெதிடு அந்தே. தெகெது இடு. எடுத்து வைன்னு சொன்னேன் கணம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோலார் தங்கவயலில் தமிழே பேசி வளர்ந்தவளின் கன்னடம் இவ்வளவுதான். தமிழில் கடைசியில் ‘டு’ வந்தால் தொலைத்துவிடு என்று அர்த்தம். அவர்களுக்கு அது ‘இடு’, பத்திரமாக வை. அழித்ததை மீட்க ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டார். கத்துவார், சபிப்பார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“திங்கக்கிழமையா?” என்றார்.

“ஆமாக்கா.”

“நான் இங்கதானே இருந்தேன். உனக்கு மூணு தபா டீ குடுத்தேனே.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“சின்ன வயசுல நான் இங்க படிச்சதே கன்னட ஸ்கூல்லம்மா. சார் இப்படிச் சொல்றாருன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா போதுமே. என் மூஞ்சியப் பாக்க முடியாம அழிச்சிட்டியா?”

“ஆமாக்கா” என்றேன்.