முப்பத்தொன்பது அட்டைகள்

என் மேசை லாச்சியில் ஒரு பித்தளை முத்திரை கிடக்கிறது. அதன் விளிம்பில் காய்ந்திருக்கும் சிவப்பு அரக்கை நான் சுரண்டவில்லை. எனக்கு முன் மருந்துப் பரிசோதகராக இருந்த ஐயா, ஓய்வு பெற்ற அன்று அதை என் கையில் தந்தார்.

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அரியாலையில் ஒரு பாமசியில் வலிப்புக் குளிசைப் பெட்டியொன்றின் லேபிளை ஐயா நகத்தால் மெல்லக் கிளப்பினார். அடியில் வேறொரு கம்பனியின் பெயர் இருந்தது. ஐயா பெட்டியைக் கைப்பற்றியபோதும் கடைக்காரர் சண்டை பிடிக்கவில்லை. “கொண்டு போங்கோ. நாளைக்கு உங்கடை வீட்டிலை ஆருக்கும் வலிச்சா எங்கை வாங்குவியள் எண்டு பாப்பம்” என்றுவிட்டு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெட்டியிலிருந்த குளிசை அட்டைகளை நான் எண்ணினேன், நாற்பது. பெட்டிக்கு முத்திரை வைக்க ஐயா உள்ளே அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய் மருந்துச் சீட்டோடு வாசலில் நின்றாள். “தம்பி, மகளுக்கு ரெண்டு நாளாக் குளிசை இல்லை. எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டன். உதிலை ஒரு அட்டை தாங்கோ.” கொடுத்தேன். பட்டியலில் முப்பத்தொன்பது என்று எழுதினேன். அன்றிரவு என் நாட்குறிப்பிலும் அதே எண்ணைத்தான் எழுதினேன்.

“எண்ணினது சரிதானே?” என்று ஐயா கேட்டார். “ஓம் ஐயா.” என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஆய்வுகூட அறிக்கை வர மாதங்கள் பிடித்தன. இருக்க வேண்டிய மருந்தில் பாதிகூட அந்தக் குளிசையில் இல்லை. சீட்டில் கண்ட பெயரைச் சொல்லி விசாரித்துப் புத்தூருக்குப் போனேன். மகளின் வலக்கையில் முழங்கை வரை வெந்த தழும்பு. “அந்த அட்டை முடிய முதலே வலிச்சு அடுப்பிலை விழுந்திட்டாள். நீங்கள் தந்திராட்டி அதுக்கும் முதலே விழுந்திருப்பாள், தம்பி” என்று சொல்லித் தாய் தேத்தண்ணி தந்தாள். சொல்லப் போனதைச் சொல்லாமலே குடித்து முடித்தேன்.

ஒரு அட்டையைக் கொடுத்ததை ஐயாவிடம் மட்டும் சொன்னேன். “தெரியும். நீர் எண்ண முதலே நான் எண்ணிப்போட்டன். அந்த மனுசியின்ரை முகத்தை நானும் பாத்தனான்” என்றார். பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. எங்கள் இருவரில் யாராவது ஒருவர் கடுமையாக இருந்திருந்தால் அந்தக் கை தப்பியிருக்குமா, அல்லது அவள் சொன்னதுதான் சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

போன கிழமை வேறொரு கடையில் இன்சுலின் கைப்பற்றினோம். முதியவர் ஒருவர் வாசலில் நின்று ஒரு குப்பி கேட்டார். “தர ஏலாது, ஐயா” என்றேன். இரண்டு தரம் எண்ணி, உள்ளதையே எழுதி, முத்திரையை அழுத்தினேன். அரக்கு இறுகும்வரை அவர் போகாமல் நின்றார். அறிக்கை இன்னும் வரவில்லை.