இராசாத்தி கொடுத்த தொட்டி

பாலிங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் பிரேமாவதியின் வாய்க்குப் பயப்படாதவர் யாருமில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தலை நரைக்கும் வரை கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. 'மனசில ஒண்ணும் வச்சுக்க மாட்டா' என்று அவளைப் புகழ்வார்கள். அது என்ன புகழோ எனக்குத் தெரியாது. மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியவையும் சில உண்டு.

அவளுடைய ஒரே மகள் சாந்தினிக்கு ஜித்ராவில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் சுகுமாரன். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா இராசாத்தி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்து அவனை ஆளாக்கினாள். வீடு பார்க்கப் போன அன்று, நடுக்கூடத்தில் இருந்த மீன் தொட்டியை விட்டுப் பிரேமாவதியின் கண் நகரவில்லை. மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், மண்ணில் அடர்ந்து நின்ற கிரிப்டோ என்று நீர்ச்செடிகள், நடுவே நாலைந்து கப்பி மீன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு.

"அவுரு வாங்கி வச்ச தொட்டி. அவுரு போனப்புறம் சும்மா கெடக்க வேணாம்னு செடி வச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுலா. இதெல்லாம் லேசுல சாவாது, அதான்" என்றாள் இராசாத்தி.

பரிசத்தன்று அவளே முன்னால் நின்று சிரித்த முகத்தோடு தட்டு மாற்றினாள். கூடவே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்திருந்தாள். தன் தொட்டியில் இருந்த கிரிப்டோவைப் பிரித்து, தன் கையாலேயே நட்டது. "வெயில்ல வைக்காதீங்க, அடிக்கடி புடுங்கிப் பாக்காதீங்க, அது போதும்" என்றாள். பிரேமாவதி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "சம்பந்தி வீட்டுச் சீரு" என்று காட்டினாள்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. இலைகள் கண்ணாடி போல வெளுத்தன. தொட்டால் கஞ்சியாய்க் கரைந்தன. தொட்டியில் நாற்றம் அடித்தது. சாமி படத்துக்குக் கீழே, பரிசம் போட்ட கையோடு, சீராக வந்த பச்சை அழுகிப்போனால் பிரேமாவதி என்ன நினைப்பாள்? இடம் மாற்றினால் கிரிப்டோ இலையை உதிர்த்துவிடும், வேர் பிழைத்திருக்கும், கொஞ்ச நாளில் புது இலை விடும். செடி வளர்ப்பவர்களுக்கு இது சாதாரணம். அவளுக்கு அது அபசகுனம்.

போனை எடுத்தாள். இராசாத்தி பதறாமல், "வேர எடுத்துறாதீங்க சம்பந்தி, அது மறுபடியும் வரும்" என்றாள். பிரேமாவதி கேட்டால்தானே!

"சாவாதுன்னீங்க, செத்துப் போச்சு! நல்ல காரியத்துக்குக் குடுக்குற பொருள நீங்க ஏன் நட்டீங்க? தாலி எறக்குன கை பட்டா எப்படி வெளங்கும்?"

அந்தப் பக்கத்திலிருந்து "சரிங்க சம்பந்தி" என்று ஒரு குரல். போன் வைக்கப்பட்டது.

சாந்தினி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கை ஆக்குற சோத்ததானம்மா நாளைக்கு நான் சாப்புடணும்?" என்றாள். பிரேமாவதி தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மண்ணும் வேருமாகப் பின்பக்க லோங்காங் சாக்கடை ஓரத்தில் கிடந்த காலி பெயிண்ட் வாளியில் கவிழ்த்தாள். மழை பெய்து வாளி நிறைந்தது. கல்யாண வேலையில் எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் குழந்தைவேலு கூப்பிட்டார். "பிரேமா, இங்க வந்து பாரு."

வாளிக்குள் தளிர். ஒன்று இரண்டு அல்ல, வேருக்கு வேர் விரல் நீளத்தில் பச்சை இலை. யாரும் கவனிக்காத அழுக்குத் தண்ணீரில், அவள் குப்பையாகக் கொட்டிய மண்ணில். பிரேமாவதிக்குப் புருஷன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தான் சொன்ன வார்த்தை வாளிக்குள்ளிருந்து திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இராசாத்திக்குப் போன் போட்டாள். சேலையைப் பற்றிப் பேசினாள். பந்தியைப் பற்றிப் பேசினாள். ஊரையே அதட்டும் வாய்க்கு அந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வரவில்லை. சுகுமாரன் போனை வாங்கி, "அத்தை, சாப்ட்டீங்களா?" என்று எப்போதும்போல் கேட்டான். அம்மா அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவன் கோபித்துக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அம்மா அப்பா இடத்தில் அவனுடைய சித்தப்பாவும் சித்தியும் நின்றார்கள். பிரேமாவதி தேடினாள். பரிசத்தன்று முன்னால் நின்று தட்டு மாற்றியவள், கடைசி வரிசையில், தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முகூர்த்த நேரம் நெருங்கியது. பிரேமாவதி அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, அவளிடம் போனாள்.

"முன்னாடி வாங்க அண்ணி. செடி தளிர்த்துருச்சு. நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு. வாங்க, உங்க கையால போடுங்க."

இராசாத்தி அவள் கையை மெல்லத் தொட்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"தளிர்க்கும்னு எனக்குத் தெரியும் சம்பந்தி. ஆனா புள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு தலவலி, காச்சல் வந்தாலும் இந்தக் கைதான் உங்க நெனப்புல வரும். வேணாம். நீங்களே போடுங்க."

சொல்லிவிட்டு, முந்தானைக்குள் கைகளை வைத்துக்கொண்டாள்.

இல்லை என்று சொல்லப் பிரேமாவதி வாயைத் திறந்தாள். அதற்குள் கெட்டி மேளம் கொட்டியது. மண்டபம் முழுக்க அட்சதை பறந்தது. பெண்ணைப் பெற்றவள் கடைசி வரிசையில் நின்றாள். தாலி கட்டியதை அவள் பார்க்கவில்லை. தட்டில் அட்சதை அப்படியே இருந்தது.