அண்ணன் சொல்ல வேண்டிய செபம்

பத்து வயதில் நான் புனிதையாகிவிடுவதென்று தீர்மானித்தேன். வீட்டில் யாரிடமும் கலந்து பேசவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒருநாள், புனிதராவதற்குக் காசும் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம், செபமும் நம்பிக்கையும் போதும் என்று சொன்னார். நான் கணக்கில் எப்போதும் கோட்டை விடுகிறவள். படிப்பு வேண்டாம் என்றதும் இது நமக்குச் சரிப்பட்டு வரும் என்று பட்டது.

அன்றிலிருந்து பிளேன்டீயைச் சீனி இல்லாமல் குடித்தேன். செருப்புக்குள் சரளைக்கல்லைப் போட்டுக்கொண்டு உக்குவளைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். புனிதர்கள் பட்ட கஷ்டத்தை யாராவது பார்த்ததால்தானே நமக்குத் தெரிகிறது? என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒரு காலையில், "என்னா புள்ள நொண்டுற?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். வேறொரு காலமாக இருந்தால் என் காலைப் பிடித்துப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டாள்.

அது அண்ணனைப் பிடித்துக்கொண்டு போயிருந்த காலம். அவன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். யுத்தகாலச் சுற்றிவளைப்பு ஒன்றில் பொலிஸார் கடைப் பையன்கள் தங்கியிருந்த அறையைச் சோதனை போட்டு, இருந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலரைப் பிறகு விட்டார்கள். அண்ணனை விடவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. செய்தி பரவியதும் எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது நின்றுபோனது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா முன்பெல்லாம் பலாக்காய் கொண்டுவந்தால் அம்மாவோடு உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் பேசிவிட்டுத்தான் போவார். இப்போது வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, வைக்காமலும் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் உட்காரும் என் வாங்கில் நான் மட்டும் இருந்தேன்.

சாயங்கால ரயில் மாத்தளைப் பக்கம் போனதும் எங்கள் வீட்டில் செபமாலை தொடங்கும். செபமாலையில் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் பத்து மணிகள். அதைப் 'பத்து' என்றே சொல்வோம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இயேசு, மாதா வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை 'இரகசியம்' என்று அறிவிப்பார்கள். ஒருவர் ஒவ்வொரு மணிக்கும் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். நாங்கள் ஐந்து பேர் என்பதால் ஆளுக்கொரு பத்து. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, கடைசியில் நான். அண்ணன் தன்னுடையதை பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரி சொல்லி முடிப்பான். "மாதா ஒன்ன வெரட்டிக்கிட்டா வாராங்க?" என்று அம்மா கேட்பாள். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது அவனுடைய பத்தையும் அம்மாவே சேர்த்துச் சொன்னாள். அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவனைப் பிடித்த செய்தி வந்த அன்று அம்மா அதை விட்டுவிட்டாள். மூன்றாவது இரகசியம் இன்னது என்று அறிவித்தாள், பிறகு வாய் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் மணிகளைத் தள்ளிக்கொண்டு போயின. நாங்கள் முழங்காலில் இருந்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தப் பத்து முடிந்ததும் அக்காவைத் தொடங்கச் சொல்லித் தலையசைத்தாள்.

"அது அவன் சொல்ல வேண்டியது. வந்து சொல்லட்டும்" என்றாள்.

தினமும் அப்படியே நடந்தது. அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோப் பாட்டு அப்போதுதான் தெளிவாகக் கேட்கும். நான்கு பேர் ஒரே பாயில் முழங்காலிட்டிருந்தும் நான் தனியாக விடப்பட்டவள் போல உணர்ந்தேன்.

பயத்தோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்குமா? ஒரு பத்து குறைந்த செபமாலை மோட்சத்துக்குப் போய்ச் சேராது, அண்ணன் வராமலிருப்பது அதனால்தான் என்று முடிவுகட்டினேன். வீட்டில் புனிதத்தில் தேறிவந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே கிணற்றடிக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் போய், சரளைக்கல்மேல் முழங்காலிட்டு, கைகளை விரித்துக்கொண்டு அண்ணனுடைய பத்தைச் சொன்னேன். முதல் பாதியும் நானே, பதிலும் நானே. நமக்கு நாமே பதில் சொல்வது மாதிரி ஒரு துக்கம் இல்லை. அழுகை முட்டும். புனிதைகள் அழலாமா என்று சிஸ்டர் சொல்லித்தராததால் விழுங்கிக்கொள்வேன்.

அப்பாவின் விசுவாசம் எனக்குத் திருப்தியாக இல்லை. றப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர், லீவு கிடைக்கும்போதெல்லாம் கொழும்புக்குப் போய் அண்ணனுக்காக அலைந்தார். கடைசியாகப் போய்வந்த அன்று, "வேற எடத்துக்கு மாத்திட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அதற்குப் பிறகு கொழும்புப் பக்கம் போகவில்லை. அம்மா கேட்டால், "லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க" என்பார். செபமாலை தொடங்கும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். முன்போலப் பாய்க்கு வராமல் வாசற்படியோரமே முழங்காலிட்டுத் தன் பத்தைச் சொல்வார், முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா நேர்த்தி வைத்து எங்களை வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனபோதும் வரவில்லை. தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரையே நம்பாத மனிதரை என்ன செய்வது? அப்பா மனந்திரும்ப வேண்டும் என்றும் என் மரத்தடிச் செபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

திருவிழா முடிந்தும் அண்ணன் வரவில்லை. ஒளித்துச் சொல்வது எடுபடவில்லை, வீட்டுச் செபமாலைக்குள்ளேயே சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் அம்மா மூன்றாவது இரகசியத்தை அறிவித்து நிறுத்தியதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிவிட்டேன்.

முதல் பாதி முடிந்ததும் வாசற்படியிலிருந்து அப்பா பதில் சொன்னார். எப்போதும் முணுமுணுக்கிறவர் அன்று வாய்விட்டுச் சொன்னார், யாராவது தொடங்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது.

கண்ணைத் திறந்தேன். அம்மா திரும்பியிருந்தாள். அடி விழப்போகிறதென்று குறுகினேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க எதுக்குப் பதில் சொன்னீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவன் பத்துக்கு நீங்க எதுக்குங்க பதில் சொன்னீங்க?"

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னால் போக எழுந்த அக்காவை அப்பா கைகாட்டி இருத்தினார். அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர்கள் செபமாலைச் சட்டத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

அப்பா எங்களிடம் விஷயத்தைச் சொன்னது பல வருடங்கள் கழித்து, அம்மாவை அடக்கம் செய்த பிறகு. கடைசியாகக் கொழும்புக்குப் போனபோது, அண்ணனோடு பிடிபட்டு விடுதலையான பையன் ஒருவனை அவர் சந்தித்திருக்கிறார். அண்ணன் உள்ளேயே இறந்துவிட்டான், தன் கண்ணால் கண்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

"ஒங்கம்மாவுக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு" என்றார் அப்பா. "அப்புறம் அவ ஒரு வார்த்த கேக்கல."

விளங்கிய பிறகும் அம்மா அண்ணனுடைய பத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. கடைசிவரை அந்த இடத்துக்கு வந்ததும் செபத்தை நிறுத்திக் காத்திருந்தாள். அதற்கு என்ன பெயர் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சிஸ்டர் சொன்ன நம்பிக்கை அதுதானா என்று கேட்க அவரும் இப்போது இல்லை.

நான் அண்ணனுடைய பத்தைத் தொடங்கிய அந்த நாளுக்கு மறுநாள் அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். கால் கழுவிக்கொண்டு, பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச முழங்காலிட்டார். அம்மா மூன்றாவது இரகசியத்தை அறிவித்துவிட்டு நிறுத்தினாள். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு அவளோடு சேர்ந்து பேசாமல் இருந்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் தாடையில் கண்ணீர் இறங்கியிருந்தது.

அப்பா மனந்திரும்பிவிட்டார், என் செபம் கேட்கப்பட்டுவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இனி பாக்கி அண்ணன் மட்டும்தான். அவன் உள்ளே வருவதற்கு இடம் விட்டு, வாசற்படியும் காலியாக இருந்தது.