உடம்புக்கு நல்லது

ஏழாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். புனேயில், கோந்த்வாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தபோது, ஒருநாள் என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இனி பன்னிரண்டு மணி நேரமும் நிற்க வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டதற்கு, கோயம்புத்தூர்க்காரரான குடியிருப்புச் செயலாளர் சிரித்தார். "நின்னா உடம்புக்கு நல்லதுங்க. பாசிட்டிவா எடுத்துக்குங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் சுனந்தா அக்காவிடம் சொல்லிப் பொருமினேன். அவர் முழங்காலைத் தேய்த்தபடி இந்தியில் கேட்டார்: "ஏன் தம்பி, போன வாரம் நீ எனக்கு என்ன சொன்னே?"

வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது அங்கே சட்டம். கால் வலிக்கிறது என்று கெஞ்சியவரை மறித்து, "எட்டு மாடி ஏறினா உடம்புக்கு நல்லதுக்கா" என்று படிக்கட்டுப் பக்கம் அனுப்பியவன் நான்தான்.

செயலாளர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. என் மேலும் வந்தது. லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தேன். "ஏறுங்கக்கா."

"வேலை போயிடும்டா, பைத்தியக்காரா," என்றபடியே ஏறினார்.

மறுநாள் போய்விட்டது. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை வேறு யாரும் எனக்குச் சொல்லக் கூடாது. நானும் அதன்பிறகு யாருக்கும் சொன்னதில்லை.