ஹாலுக்கு நடுவே ஒரு சுவர்

கொத்தனார் என்றால் புது வீடு கட்டுகிறவன் என்று நீங்கள் நினைத்திருந்தால், மரக்காணம் பக்கம் வந்து ஒரு வாரம் என்னோடு சட்டி தூக்கிப் பாருங்கள். இங்கே என் வேலையில் பாதியை உப்புக்காற்று கொடுக்கிறது. கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும். மீதிப் பாதியைக் குடும்பங்கள் கொடுக்கின்றன. இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு ரூம், மாடியில் ஒரு பாத்ரூம். நாலு பெரியவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற வீடு உங்களுடையது என்றால், இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

பங்கு

உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன், தம்பி. இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. பொண்டாட்டிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, ஹாலை இரண்டாகப் பிரித்துச் சுவர் வைக்கவேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் செங்கல் அடுக்க அடுக்க, ஆளுக்கொரு பக்கம் நின்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு விரல் அந்தப் பக்கம் போனால் அவன் கத்துவான், இந்தப் பக்கம் வந்தால் இவன் கத்துவான். அடுக்கிய வரியையே திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கி, எனக்கு முதுகு விட்டுப்போனது.

சுவர் தலைக்கு மேல் வளர்ந்ததும் இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். நேர் மேலே, ஹாலின் நடுவில், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல மே மாத வெயில். அதுவரை தங்களுக்குள் முகம் கொடுக்காமல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தம்பிதான் வாயைத் திறந்தான்: "இதோட நிறுத்திக்க மேஸ்திரி. மேல வரைக்கும் ஏத்திட்டா, காத்து யாருக்குன்னு அதுக்கு வேற பஞ்சாயத்து வெக்கணும்."

சவுதியிலிருந்து வந்தவர்

எங்கள் பக்கத்து பாய் ஒருவர் பாதி வாழ்க்கையை சவுதியில் கழித்துவிட்டு, ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். வீட்டில் மனைவி, காலேஜ் முடித்த இரண்டு பெண்கள். இத்தனை வருஷமும் மூன்று பேரும் ஒரே ரூமில் படுத்து, டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவர் ஹாலில் வந்து உட்கார்ந்தால் டிவியும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும். அவரே அதைக் கவனித்து, மாடியில் தனக்கு ஒரு ரூம் போடச் சொன்னார்.

பூச்சு வேலை நடந்த அன்று டீ கொண்டுவந்த அவர் மனைவியிடம், "பாய் கட்டின வீட்டுலயே பாய்க்கு எடம் இல்லாம போச்சேம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. காலி கிளாஸை வாங்கிக்கொண்டு சொன்னார்: "லீவுல வர்றப்போ விருந்தாளி மாதிரி கவனிச்சோம், அவரும் சந்தோஷமா இருந்தாரு. தினம் எப்படி ஒண்ணா இருக்கறதுன்னு அவருக்கும் தெரியல மேஸ்திரி, எங்களுக்கும் தெரியல."

அட்டாச்டு பாத்ரூம்

பெருமுக்கல் பக்கம் ஒரு வீடு. பையனுக்கு முப்பத்தெட்டு வயது, திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் தனி ரூம் இருக்கா, அட்டாச்டு பாத்ரூம் இருக்கா என்று கேட்டார்களாம். கட்டினேன். பிறகு டைல்ஸ் போட்டேன். அப்புறம் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன். பெண்தான் அமையவில்லை.

டைல்ஸ் ஒன்று பெயர்ந்துவிட்டது என்று போன மாதம் போனால், அந்த ரூமில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, கீழே உட்கார முடியாது. பையனே ரூமைக் கொடுத்துவிட்டு ஹாலில் படுக்கிறானாம். "தங்கமான புள்ளம்மா" என்றேன். அந்த அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தங்கம்தான். நாளைக்கே ஒரு பொண்ணு சரின்னு சொல்லிட்டா நாங்க எங்க போய் படுக்கறது? சாமிகிட்ட என்ன வேண்டிக்கறதுன்னே தெரியல."

நடுக்கதவு

கன்னியம்மாவும் ரோசம்மாவும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். உப்பு வார ஒன்றாகப் போய் வருகிறவர்கள். ஒரு நாள் காலையில் கன்னியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கத்தத் தெம்பில்லாமல் சொம்பால் சுவரைத் தட்டியிருக்கிறார். ரோசம்மாவுக்குக் கேட்டுவிட்டது, ஆனால் அந்த வீட்டு வாசல் உள்பக்கம் தாழ். தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் கதவை உடைத்து முடிக்கும்வரை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்கச் சொன்னார்கள். நான் கடப்பாரையை எடுத்த நேரம், யாரோ சொல்லிக் கேட்டு, திருப்பூரிலிருந்து கன்னியம்மாவின் மகன் போன் செய்தான். "யாரக் கேட்டு சொவர உடைக்கிற? நாளைக்கு வீட்ட விக்கணும்னா எவன் வாங்குவான்?" ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. என் கை நின்றுவிட்டது. ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டு வெளியே கிளம்பினார். கன்னியம்மா வாக்கரைப் பிடித்தபடி, "நீ போவாத, இங்கயே நில்லு" என்று அவரை நிறுத்தினார். பிறகு போனில் நிதானமாகச் சொன்னார்: "நான் வந்து கூட இருக்கேம்மான்னு நீ சொல்லு, இப்பவே நிறுத்தச் சொல்லிடறேன்." போன் கட்டானது.

நான் இடித்தேன். சாயங்காலத்துக்குள் ஆள் போகிற வழி வந்துவிட்டது. மறுநாள் கதவை நிறுத்திவிட்டு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டேன். ரோசம்மா சொன்னார்: "எதுக்குய்யா தாப்பா? உள்ள பூட்டிக்கிட்டு இருந்ததாலதான அன்னிக்கு அவ்ளோ நேரம் கெடந்தா."

சுவர் வைத்தவர்கள் இடிக்கச் சொல்லி என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், இடித்தவர்கள் வைக்கச் சொல்லித் திரும்பக் கூப்பிடுகிறார்கள். சிமெண்ட்தான் தண்ணீர் ஊற்றினால் சொன்னபடி இறுகுகிறது, யார் யாரோடு இருப்பது என்பது எந்த வீட்டிலும் இறுகி நான் பார்த்ததில்லை.