அரைவேக்காட்டு ஈரலும் ஒலுவில் பூனையும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்கு நான் போனபோது அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை ஏற்கனவே இருந்தது. ஆகவே அந்த வீட்டில் அது எனக்கு மூத்தது. மீன் பொரித்தால் முதல் துண்டு அதற்கு, இரண்டாவது எனக்கு. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு ஒரு சாட்டாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். முன்னர் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்ததால், இந்த முறை வீட்டில் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினோம். அப்படியான ஒரு நாளில்தான் கைப்பேசியில் டொக்சோபிளாஸ்மோசிஸ் என்ற சொல் என் கண்ணில் பட்டது. பூனையின் மலத்திலிருந்து வரும் கிருமி. கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும் கேடு. அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. குற்றவாளி அகப்பட்ட பிறகு மிச்ச விசாரணை எதற்கு?

அடுத்த நாள் காலை பூனையை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஒலுவில் துறைமுகத்தில் விட்டேன். படகு, நிழல், அள்ளக் குறையாத மீன். அதற்கு இது பதவி உயர்வு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீடு திரும்பியதும் மாமி, பூனையை அடைத்துப் பட்டினியில் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போனதாகப் பள்ளிவாசல் பயானில் கேட்டதை நினைவூட்டினார். நான் அடைக்கவில்லையே, திறந்துதானே விட்டேன் என்றேன். மனைவி பூனையின் சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தக் கிழமையே அவளுக்குக் கிளினிக். ஊரைக் காப்பாற்றியவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டொக்டர் அம்மாவிடம் என் வீரத்தைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இது ஊரெல்லாம் இருக்கிற கிருமி என்றார். கனபேருக்கு வந்து போயிருக்கும், வந்ததே தெரியாது. தெரிந்தாலும் இரண்டு நாள் காய்ச்சல்போலப் போய்விடும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றுகிற பெண்ணின் பிள்ளைக்கும்தான் பயம். சமைத்த மீனும் சோறும் தின்று வளவுக்குள் கிடக்கிற பூனையால் பெரிதாக ஒன்றும் வராது.

பிறகு என் மனைவியிடம் கேட்டார்: "பூனையை விடுங்க. சரியா வேகாத இறைச்சி ஏதும் சாப்பிட்டீங்களா மகள்?"

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெருநாளுக்கு அறுத்த குர்பான் ஆட்டின் ஈரலைத் தணலில் சுட்டுத் தின்ன அவளுக்கு ஆசை வந்திருந்தது. சுட்டது நான். வெளியே கறுத்து, உள்ளே சிவந்து கிடந்தது. அதுதான் பதம், இன்னும் சுட்டால் செருப்புத் தோலாகிவிடும் என்று பாடம் நடத்தி, நானும் தின்று அவளுக்கும் ஊட்டிவிட்டிருந்தேன்.

"ஓம் டொக்டர்," என்றாள் மனைவி. "இவர்தான் சுட்டுத் தந்த."

அரைவேக்காட்டு இறைச்சியாலும் அதே கிருமி வரும் என்பதுதான் நான் வாசிக்காமல் விட்ட பாதி என்று அப்போதுதான் விளங்கியது.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கிருமி வந்த அடையாளமே இல்லை என்று பதில் வந்தது. நான் மூச்சு விடுவதற்குள், பத்து நாளில் தெரியாமலும் இருக்கலாம், மூன்று கிழமையில் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

அந்த இருபத்தொரு நாளும் என் பகிடி ஒன்றும் வீட்டில் விலைபோகவில்லை. இறைச்சியைக் கரியாகும்வரை வறுத்தேன். மாமாவின் கட்டுப்பல் அதில் தோற்றது. யாரும் சிரிக்கவில்லை. மாமி கீரையைக் கழுவிக் கழுவி இலை நைந்துபோனது. மனைவியின் கை வயிற்றுக்குப் போகும்போதெல்லாம் நான் மெல்லுவதை நிறுத்தினேன். கடைத்தெருவில் எந்தத் தாயின் கையில் குழந்தையைக் கண்டாலும் அதன் கண்ணைத்தான் பார்த்தேன்.

ஒரு நாள் அவளே வாய் திறந்தாள். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "புள்ளட கண்ணுக்கு ஏதும் எண்டா, நான் பூனையில பழி போடமாட்டன். தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். அவள் அடுத்த உடுப்பை எடுத்து உதறினாள்.

இரண்டாம் முறை இரத்தம் கொடுக்கப் போனபோது, யாரும் கேட்காமலே என் கையையும் நீட்டினேன். தண்டனையில் பங்கு கேட்பதுபோல ஒரு கிறுக்கு. இரண்டு ரிப்போட்டும் ஒன்றாக வந்தன. டொக்டர் முதலில் அவளுடையதை வாசித்தார், திரும்பவும் வாசித்தார்.

"ஒண்டும் இல்ல. தொற்றவே இல்ல. ஆனா இனியும் தொற்றலாம், பிள்ளை கிடைக்கும் வரைக்கும் கவனம்."

பிறகு என்னுடையதை எடுத்தார். எனக்கு அந்தக் கிருமி எப்போதோ பழைய காலத்திலேயே வந்து குடியேறியிருந்தது. ஆளுக்கு ஆள் தொற்றாது, பயப்பட வேண்டாம் என்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஒலுவில்ல கொண்டு விட்டிருக்க வேண்டியது உங்களத்தான்."

டொக்டர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. தூசு என்று சொன்னேன்.

அந்தத் தென்பில், இன்றைக்கே பூனையைக் கூட்டி வருகிறேன் என்றேன். டொக்டர் கையைக் காட்டி மறித்தார். வீட்டில் இருந்தபோது பயமில்லாத பூனைதான். இப்போது ஒரு மாதம் துறைமுகத்தில் எலி பிடித்துத் தின்றிருக்கும். எந்தக் கிருமியோடு வருமோ, பிள்ளை கிடைக்கும்வரை வேண்டாம் என்றார். ஒன்றுமில்லாத பூனையைச் சந்தேகப் பூனையாக்கியதும் நான்தான்.

ஆகவே இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பொரித்த மீனோடு ஒலுவிலுக்குப் போகிறேன். படகு நிழலில் அது கொழுத்துக் கிடக்கிறது. கைப்பேசியில் மனைவிக்கு அதைக் காட்டுகிறேன். அவளுடைய குரலுக்குக் காதைத் திருப்பும். என்னைக் கண்டால் முதுகைத் திருப்பும். தடவிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

பிள்ளை கிடைக்க இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. திரும்பி வந்தால் வாசல் குழாயடியில் சவர்க்காரத்தோடு நிற்கிறேன். அவள் கதவருகே வயிற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். போதும் என்று அவள் சொல்லும்வரை கையைக் கழுவுகிறேன்.